ஏறிய எண்ணும் இறங்கிய எண்ணும்: அயனி மாசுச் சோதனைக் கருவி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உள்ள ஒரு எலக்ட்ரானிக் போர்டு அசெம்பிளி ஆலை. வாகனங்களுக்கான மோட்டார் கன்ட்ரோலர் போர்டுகள் அங்கே தயாராகின்றன. சால்டரிங் நன்றாகப் பிடிக்க, தண்ணீரில் கரையும் ஃபிளக்ஸ் என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் சால்டரிங் முடிந்த ஒவ்வொரு போர்டும் கழுவும் இயந்திரத்துக்குள் போய், டிஐ வாட்டரில் (அயனி நீக்கிய தண்ணீர்) அலசப்பட்டு, காய்ந்துதான் வெளியே வரும். அலசல் சரியில்லாமல் ஃபிளக்ஸின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், ஈரமும் மின்னழுத்தமும் சேரும்போது அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு நடுவே மெல்லிய உலோக இழை வளர்ந்து ஷார்ட் ஆகிவிடும். ஆலையில் இது தெரியாது. ஆறு மாதம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், நடுரோட்டில் வண்டி நிற்கும்போதுதான் தெரியும்.

இதை முன்கூட்டியே பிடிக்கத்தான் அயனி மாசுச் சோதனைக் கருவி. அந்த ஆலையில் இருந்தது நிலைமுறைக் கருவி; சோதனை நடக்கும்போது கரைசலைச் சுத்தப்படுத்தாமல் அளக்கும் வகை. 10 லிட்டர் தொட்டி. அதில் 75 பங்கு ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), 25 பங்கு டிஐ வாட்டர். பம்ப் அந்தக் கரைசலை அயனிகளைப் பிடிக்கும் ரெசின் குழாய் வழியாகச் சுற்றிச் சுற்றி அனுப்பி, அயனி எதுவும் இல்லாத அளவுக்குச் சுத்தமாக்கும். அதன் பிறகு ரெசினைத் தவிர்த்து நேர்வழியில் கரைசல் ஓடும். அப்போது போர்டை உள்ளே இறக்குவார்கள். போர்டில் ஒட்டியிருக்கும் உப்புகள் கரைய, கரைசலின் மின்கடத்தும் திறன் ஏறும். அந்த ஏற்றத்தைச் சோடியம் குளோரைடு எடையாக மாற்றி, போர்டின் பரப்பால் வகுத்து, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கருவி காட்டும்.

எவ்வளவு சின்ன அளவை அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இவர்களுடைய போர்டு 10க்கு 20 சென்டிமீட்டர்; இரண்டு பக்கமும் சேர்த்து 400 சதுர சென்டிமீட்டர். 0.4 என்று கருவி காட்டினால், மொத்தம் 160 மைக்ரோகிராம். சமையலறையில் இருக்கும் தூள் உப்பில் ஏறக்குறைய மூன்று துகள். ஒரு குடம் கரைசலில் மூன்று துகள் உப்பைத் தேடும் கருவி இது. அதனால் கருவிக்குள் நடக்கும் எந்தச் சின்னக் கோளாறும் போர்டின் அழுக்கு மாதிரியே வேஷம் போடும்.

வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. பலரும் மனப்பாடமாகச் சொல்லும் 1.56 என்ற எண், 1970களில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவான சோதனையிலிருந்து வந்தது. சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 மைக்ரோகிராம் என்பதன், சதுர சென்டிமீட்டர் கணக்கிலான மறுவடிவம். ரோசின் (மரப்பிசின்) ஃபிளக்ஸும் கரைப்பான் கழுவலும் இருந்த காலத்து எண் அது. எலக்ட்ரானிக்ஸ் தொழில் அமைப்பான ஐபிசியின் ஜே-எஸ்டிடி-001 தரநிலைக்கு 2018இல் வந்த திருத்தம், அந்த எண்ணை மட்டும் காட்டி போர்டு சுத்தம் என்று சொல்ல முடியாது, அவரவர் தயாரிப்பு முறைக்கு அவரவர் ஆதாரம் காட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டது. இந்த ஆலையும் தனியாகச் சோதனைகள் நடத்தி, 0.60ஐத் தன் வரம்பாக வைத்திருந்தது. சம்பவம் நடந்த மே மாதத்துக்கு முந்தைய வாரங்களில் தினசரி எண் 0.36 அளவில் நின்றது.

நான் அந்த ஆலையின் ஊழியன் இல்லை. இத்தகைய கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போவேன்.

முதல் இரண்டு நாட்கள்

திங்கட்கிழமை காலை ஷிஃப்டின் முதல் போர்டு 1.06 காட்டியது. இரண்டாவது 1.04. மூன்றாவது 1.10. தரப்பிரிவு அந்த பேட்சை நிறுத்தி வைத்தது.

அந்த இடத்திலேயே ஒரு வாக்குவாதம். உற்பத்திப் பிரிவில் ஒருவர், "1.56க்குக் கீழதானே இருக்கு, ஏன் நிறுத்தணும்?" என்று கேட்டிருக்கிறார். தரப்பிரிவின் மேலாளர் அசையவில்லை. எண் எந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது என்பது முக்கியமில்லை, சனிக்கிழமை 0.36ஆக இருந்தது திங்கட்கிழமை மூன்று மடங்கானது ஏன் என்று தெரியாமல் அனுப்ப மாட்டேன் என்றார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்பது என் கருத்து.

அப்புறம் எல்லோரும் கழுவும் இயந்திரத்தின் மேல் பாய்ந்தார்கள். கடைசி அலசல் தண்ணீரின் தரம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஸ்ப்ரே முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கன்வேயர் வேகத்தைக் குறைத்தார்கள். ஃபிளக்ஸ் டப்பாவை வேறு லாட்டுக்கு மாற்றினார்கள். வந்த வெற்றுப் போர்டுகளைச் சந்தேகப்பட்டு, புது பாக்கெட் பிரித்து ஓட்டினார்கள். கையுறை மாற்றினார்கள். எண் அசையவில்லை. அதற்குள் மூன்று பேட்ச் போர்டுகள் தேங்கிவிட்டன.

செவ்வாய் மாலை கருவியின் பக்கம் பார்வை திரும்பியது. சோதனைக்கு முன் கரைசல் சுத்தமாக 8 நிமிடம் எடுப்பது வழக்கம். இப்போது 40 நிமிடம் ஆகிறது என்று இயக்குபவர் சொன்னார். ரெசின் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, புது ரெசின் போட்டார்கள். நேரம் 12 நிமிடமாகக் குறைந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. அடுத்த போர்டை இறக்கினார்கள்: 1.07.

அன்று இரவு எனக்குப் போன் வந்தது. "சார், தண்ணி பாத்தாச்சு, ரெசினும் மாத்தியாச்சு. போர்டுதான் அழுக்கா இருக்கு போல" என்றார் டெக்னீஷியன். உப்புச் சோதனை (அளவு தெரிந்த உப்பைச் செலுத்தி, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது) செய்தீர்களா என்று கேட்டேன். சனிக்கிழமை செய்ததாகவும், 100க்கு 98 வந்ததாகவும் சொன்னார். காலையில் வருகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தப் போனிலேயே, போர்டு எதுவும் போடாமல் கருவியை ஒருமுறை ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

புதன்: போர்டு இல்லாமல் ஓட்டியது

போனதும் முதலில் அதைத்தான் செய்தேன். தொட்டியில் போர்டு இல்லை, கூடையும் இல்லை. மூடியை மூடி, வழக்கமான 15 நிமிடச் சோதனையை ஓட்டினோம். பிளாங்க் ரன் என்போம். நல்ல கருவியில் இதன் முடிவு பத்து மைக்ரோகிராம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். அன்று 280 காட்டியது. 400 சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் 0.70. ஞாயிற்றுக்கிழமையோடு போர்டுகளில் புதிதாக ஏறியதாக நினைத்த அத்தனை அழுக்கும், போர்டே இல்லாத தொட்டியில் இருந்தது.

எண்ணைவிட அதிகமாகப் பேசியது திரையில் இருந்த கோடு. போர்டு அழுக்காக இருந்தால் கோடு முதல் சில நிமிடங்களில் செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து படுத்துவிடும். கரைய வேண்டிய உப்பு கரைந்து தீர்ந்துவிடுகிறது அல்லவா? இங்கே கோடு முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஒரே சாய்வில் ஏறிக்கொண்டே போனது. தீராத ஏதோ ஒன்று கரைசலுக்குள் வந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை போர்டுகளின் பதிவைத் திறந்து பார்த்தோம். ஆரம்பத்தில் சின்னதாக ஒரு வளைவு, அதன் மேல் இதே சாய்வு. மூன்று நாளும் அந்தக் கோடு திரையில் இருந்திருக்கிறது. ஆனால் கடைசியில் வரும் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டதால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

தீராதது காற்றாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. காற்றில் இருக்கும் கரியமில வாயு கரைசலில் கலந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகி, மின்கடத்தும் திறனை ஏற்றும். சுத்தம் செய்யும் ஓட்டத்தில் ரெசின் அதையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சுத்தமாக நேரம் கூடியதே தவிர, சுத்தமாகாமல் போகவில்லை. புது ரெசின் போட்டதும் நேரம் குறைந்ததற்கும் அதுதான் காரணம். சோதனை ஓட்டத்தில் ரெசின் விலகிவிடுகிறது, பிடிக்க ஆள் இல்லை. ஆகவே ரெசின் மாற்றியது காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டதுபோல. கொஞ்ச நேரம் சூடு குறைந்தது, நோய் அப்படியே இருந்தது.

பம்பை நிறுத்திவிட்டு 15 நிமிடம் வைத்துப் பார்த்தோம். ஏற்றம் 15 மைக்ரோகிராம்தான். பம்ப் ஓடினால் 280. மூடி வழியாக இல்லை, பம்பின் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்றை இழுக்கிறது என்பது உறுதியானது.

ஒழுகாத ஓட்டை

"கசிவு எதுவும் இல்ல சார், கீழ ஒரு சொட்டு கூட இல்ல" என்றார் டெக்னீஷியன். அவர் சொன்னது உண்மை. பம்புக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் கரைசல் வெளியே பீய்ச்சும். பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கம் இருந்தால், பம்ப் ஓடும்போது காற்றுதான் உள்ளே போகும். பம்ப் நிற்கும்போது லேசாகக் கசிந்தாலும், ஐபிஏ கலந்த கரைசல் தடம் தெரியாமல் ஆவியாகிவிடும்.

எல்ஈடி டார்ச் அடித்து, மின்கடத்தி அளக்கும் செல்லுக்கு முன்னால் இருக்கும் ஒளி ஊடுருவும் குழாயைப் பார்த்தேன். ஊசிமுனை அளவுக் குமிழ்கள், சோடா பாட்டிலில் ஏறுவது மாதிரி, வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் அதே சோதனைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஓட்டை கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் பூசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்தக் கருவியில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே இழுத்துவிட்டால் கரைசல் முழுவதும் கெட்டுவிடும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஹோஸில், கிளாம்ப் கடிக்கும் இடத்தில் கரைசல் பட்டதும் குமிழ் நின்றது. அது காய்ந்ததும் மறுபடி வந்தது.

மின்சாரத்தைத் துண்டித்து, சுற்றிலும் பற்றவைக்கும் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த ஹோஸைக் கழற்றினோம். கிளாம்பின் விளிம்பை ஒட்டி, அரை சுற்று நீளத்துக்கு மயிரிழை விரிசல். குழாயை மடக்கிப் பார்த்தால் காய்ந்த தென்னங்கீற்று மாதிரி மொரமொரத்தது. கருவியோடு வந்த குழாய் இல்லை அது. சென்ற ஆண்டு ஏதோ அவசரத்தில் வெளியே ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்ட பிவிசி குழாய். பிவிசி வளைந்து கொடுப்பதே அதில் சேர்த்திருக்கும் பிளாஸ்டிசைசரால்தான். ஐபிஏ அதை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும்; குழாய் விறைத்து, கிளாம்ப் அழுத்தும் இடத்தில் வெடிக்கும். கையிருப்பில் இருந்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாயை மாட்டினோம். பிளாங்க் ரன்: 9 மைக்ரோகிராம். கோடு படுத்தேவிட்டது.

நிறுத்தி வைத்த பேட்சிலிருந்து ஒரு போர்டு போட்டோம். 0.36. உற்பத்திப் பிரிவில் கைதட்டினார்கள். போர்டுகளை விடுவிக்கலாமா என்று கேட்டார்கள்.

ஏன் விடுவிக்கவில்லை

குழாய் மாற்றினால் உப்புச் சோதனை செய்யாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பது என் வழக்கம். அவர்களுடைய உப்புக் கரைசல் பாட்டிலை எடுத்தேன். 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் என்று லேபிள். 100 மைக்ரோலிட்டர் செலுத்தினால் 100 மைக்ரோகிராம் காட்ட வேண்டும். 98 வந்தது. நல்லதுதான். ஆனால் லேபிளில் தேதி அக்டோபர். ஏழு மாதம். மூடியைப் பார்த்தேன்: ஒவ்வொரு தடவையும் திறக்கும் சிரமம் வேண்டாம் என்று, ஊசி நுழைவதற்கு நடுவில் ஒரு துளை போட்டிருந்தார்கள்.

புதுசாகச் செய்தோம். உலர்த்திய உப்பு 0.5 கிராம், டிஐ வாட்டரில் 500 மில்லிலிட்டராக. அதே சிரிஞ்ச், அதே 100 மைக்ரோலிட்டர். 80. மறுபடி: 81. மறுபடி: 80.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பழைய பாட்டிலில் தண்ணீர் ஆவியாகி, உப்பு ஏறக்குறைய 22 சதவீதம் கெட்டியாகியிருந்தது. கருவி 20 சதவீதம் குறைத்துக் காட்டியது. இரண்டு பிழையும் ஒன்றை ஒன்று மறைத்து, வாரம்தோறும் 98 என்று பதிவேட்டில் ஏறியிருக்கிறது.

கருவி ஏன் குறைத்துக் காட்டியது? அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டோம். 75க்கு 25 கலவை 25 டிகிரியில் 0.855 அளவில் காட்ட வேண்டும். இது 0.835. ஆல்கஹால் அதிகம். டாப்-அப் (குறைந்த கரைசலை நிரப்பிய) பதிவைப் புரட்டினால், ஜனவரியிலிருந்து வாரம் அரை லிட்டர், சுத்த ஐபிஏ மட்டும். பொறுப்பில் இருந்தவர் மாறியிருந்தார். புதியவரிடம் கேட்டேன். "ஆவியாகிப் போறது ஆல்கஹால்தானே சார், அதான் அதையே ஊத்தினேன்" என்றார். தப்பாக நினைப்பதற்கு ரொம்ப இயல்பான விஷயம். ஆனால் ஆவியாகும்போது ஆல்கஹாலோடு தண்ணீரும் சேர்ந்தே போகிறது. போர்டோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும் கரைசலோ முழுக்க அதே கலவைதான். சுத்த ஐபிஏ ஊற்ற ஊற்ற, தண்ணீரின் பங்கு குறைந்துகொண்டே வரும். தண்ணீர் குறைந்தால் அதே உப்பு குறைவாக மின்சாரம் கடத்தும், எண் இறங்கும்.

அப்போதுதான் தரப்பிரிவு மேலாளர் ஓராண்டு ட்ரெண்ட் சார்ட்டை எடுத்து வந்தார். சென்ற ஆண்டு முழுவதும் 0.45ஐ ஒட்டி நின்ற கோடு, ஜனவரியிலிருந்து மெதுவாகச் சரிந்து, மே மாதத்தில் 0.36ஐத் தொட்டிருந்தது. மார்ச் மாதக் கூட்டத்தில் கழுவும் பிரிவுக்குப் பாராட்டுகூடக் கிடைத்திருக்கிறது. எண் ஏறினால் மூன்றே நாளில் ஆலையையே புரட்டிப் போடுகிறோம். நான்கு மாதம் இறங்கியபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான். திங்கட்கிழமை விரிசல் விடாமல் இருந்திருந்தால், அந்தச் சரிவு இன்னும் எத்தனை மாதம் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

திருத்தமும் தொடர்ந்தவையும்

கரைசல் முழுவதையும் வடித்தோம். ஐபிஏ ஏழரை லிட்டர், டிஐ வாட்டர் இரண்டரை லிட்டர், தனித்தனியாக அளந்து கலந்தோம். (கலந்த பிறகு பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், இரண்டும் சேரும்போது சுருங்கும். அந்தக் குறையைத் தண்ணீர் விட்டு நிரப்பக் கூடாது.) புது உப்புக் கரைசலில் 99, 101, 100. தேங்கிய மூன்று பேட்சிலும் மாதிரி எடுத்து ஓட்டினோம். 0.44 முதல் 0.47 வரை. வரம்புக்குள். வியாழன் மாலை விடுவித்தார்கள்.

அனுப்பிவிட்ட போர்டுகள்தான் கனமான விஷயம். பிழை நான்கு மாதத்தில் படிப்படியாகக் கூடியிருக்கும். எந்த வாரம் எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. அதனால் மோசமான நிலையை வைத்தே கணக்குப் போட்டோம்: ஜனவரி முதல் பதிவான ஒவ்வொரு எண்ணையும் 0.8ஆல் வகுத்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் 0.60க்குக் கீழே வந்தன. ஏப்ரலில் 0.51 என்று பதிவான ஒரு பேட்ச் 0.64 ஆனது.

அதை வாடிக்கையாளருக்குச் சொல்வதா என்று ஒரு நாள் விவாதம் நடந்தது. கணக்குதானே, நிரூபணம் இல்லையே என்றும் ஒரு குரல் வந்தது. மேலாளர் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, இரண்டு பதிவேடுகளின் நகலோடு கடிதம் அனுப்பினார். அந்த பேட்சில் ஆலை எடுத்து வைத்திருந்த ஐந்து மாதிரிப் போர்டுகளை வெளி ஆய்வகத்தில் அயன் குரோமட்டோகிராஃபிக்கு அனுப்பினார்கள். மொத்தமாக இத்தனை உப்பு என்று மட்டும் சொல்லும் நம் கருவி போலன்றி, அது குளோரைடு எவ்வளவு, புரோமைடு எவ்வளவு, ஃபிளக்ஸின் கரிம அமிலம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். எட்டு நாளில் முடிவு வந்தது. ஐந்திலும் ஒவ்வொரு அயனியும், ஆலை தன் வரம்பை நிர்ணயித்தபோது நல்லவை என்று ஏற்ற போர்டுகளின் அளவிலேயே இருந்தது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார், ஆறு மாதத்துக்கு உப்புச் சோதனைப் பதிவை வாரந்தோறும் தனக்கு அனுப்பச் சொன்னார்.

மாற்றியவை

தினமும் முதல் போர்டுக்கு முன் ஒரு பிளாங்க் ரன். எண்ணோடு கோட்டையும் அச்செடுத்து ஒட்ட வேண்டும். 25 மைக்ரோகிராமைத் தாண்டினால் அன்று போர்டு இறங்காது.

உப்புக் கரைசல் மாதம் ஒருமுறை புதிது, சின்ன பாட்டிலில், துளையில்லாத மூடியோடு. மேலாளர் இதற்கு ஒரு நல்ல யோசனை சொன்னார்: ஒவ்வொரு தடவையும் எடுப்பதற்கு முன்னும் பின்னும் பாட்டிலை எடை போட்டு எழுதுவது. போன வாரம் வைத்த எடையும் இந்த வாரம் எடுக்கும் எடையும் ஒன்றாக இல்லையென்றால், நடுவில் தண்ணீர் போயிருக்கிறது. நான் பராமரிக்கும் மற்ற இடங்களிலும் இதைச் செய்யச் சொல்லி வருகிறேன்.

டாப்-அப் முன்கூட்டியே கலந்த 75க்கு 25 கரைசலால் மட்டும். வாரம் ஒருமுறை ஹைட்ரோமீட்டர், பக்கத்திலேயே வெப்பநிலையும் எழுத வேண்டும். ஒரு டிகிரி ஏறினாலே கடைசி இலக்கம் நகரும். சுத்த ஐபிஏ கேன் அந்த அறையிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ட்ரெண்ட் சார்ட்டில் மேல் கோடு மாதிரியே 0.38இல் ஒரு கீழ்க்கோடும் வரைந்தார்கள். அதற்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்து போனாலும் காரணம் எழுதியாக வேண்டும்.

என் பக்கத்திலும் மாற்றம் உண்டு. ஆறு மாதப் பராமரிப்பில் என் சொந்த உப்புக் கரைசலைக் கொண்டுபோய்ச் சோதிக்கிறேன். முன்பெல்லாம் அங்கே இருக்கும் பாட்டிலையே வாங்கிப் பயன்படுத்தினேன். நவம்பரில் அந்த ஆலைக்குப் போனபோதும் அப்படித்தான். அந்தப் பிவிசி குழாய் அப்போதே இருந்திருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது டாப்-அப் செய்த அந்த இளைஞர் வாசல் வரை வந்தார். "சார், பக்கத்து பில்டிங்ல இருக்கற மெஷின்லயும் அதே மாதிரி குழாய்தான் போட்டிருக்கு" என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தோம். விரிசல் இல்லை. ஆனால் மடக்கினால் அதே மொரமொரப்பு. அன்றே மாற்றினோம்.